வாசகர் கேள்வி பதில்: 'ஷாப்லிஃப்டர்ஸ்' மிகையாகப் புகழப்பட்ட படமா?

ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரெ-எடாவின் 'ஷாப்லிஃப்டர்ஸ்' திரைப்படத்தைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய நான்கு வரிப் பதில் யாருக்கும் நிறைவளிக்கவில்லை என்பது வந்திருக்கும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. அந்தப் படத்தை எதற்காக இவ்வளவு கொண்டாட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் போதுமான அளவு கொண்டாடவில்லை என்று வேறு சிலர் வருந்துகிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அந்த ஒரு படத்துக்கே ஒதுக்குகிறேன். படத்தின் முடிவைத் தொடாமல் இக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல வழியில்லை என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஒரு வாசகர், மதுரை: 2018ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற படம் என்று மகன் சொன்னதால் வீட்டில் அனைவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் ஒரு மணி நேரம் சாப்பிடுகிறார்கள், குளிக்கிறார்கள், திருடுகிறார்கள். கதை என்று ஒன்று வருவதே அதற்குப் பிறகுதான். திருட்டையும் பிள்ளைக் கடத்தலையும் அன்பு என்ற பெயரில் நியாயப்படுத்துகிற படத்துக்கு இவ்வளவு புகழ் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

உங்கள் கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். முதலில், படம் பார்த்து நாளாகிவிட்டவர்களுக்காகக் கதையை நினைவூட்டிவிடுகிறேன். டோக்கியோவில் உயரமான அடுக்குமாடிகளுக்கு இடையே சிக்கிக்கொண்ட ஒரு பழைய வீட்டில் ஐந்து பேர் வாழ்கிறார்கள். கட்டட வேலைக்குத் தினக்கூலியாகப் போகும் ஒசாமு, சலவை ஆலையில் வேலை செய்யும் நொபுயோ, ஓய்வூதியம் வாங்கும் பாட்டி ஹட்சுயே, இளம்பெண் அகி, பள்ளிக்குப் போகாத சிறுவன் ஷோட்டா. வருமானம் போதாத இடத்தைச் சில்லறைக் கடைத் திருட்டு நிரப்புகிறது. ஒரு குளிர்கால இரவில், வீட்டுக்கு வெளியே விடப்பட்டுப் பசியோடு நின்ற யூரி என்ற சிறுமியை ஒசாமு அழைத்து வருகிறான். அவள் கைகளில் சூடு பட்ட தழும்புகள் இருப்பதைப் பார்த்த பிறகு அவளைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. இவர்களில் யாரும் யாருக்கும் சட்டப்படியான உறவு இல்லை என்பது சிறிது சிறிதாகத்தான் நமக்குத் தெரிய வருகிறது.

முதல் ஒரு மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லை என்கிறீர்கள். முதல் முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான், சாப்பாட்டுக் காட்சிகள் என்று நாம் நினைத்துக் கடந்தவற்றில் பிற்பகுதிக்கு வேண்டிய அத்தனையும் வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஓர் உதாரணம் சொல்கிறேன். துணிக்கடையில் நொபுயோ நீச்சலுடை ஒன்றை எடுத்துக் காட்டும்போது யூரி வேண்டாம் என்று மறுத்து, பிறகு அடிக்க மாட்டீர்களே என்று கேட்கிறாள். அவளைப் பெற்றவள் அடித்துவிட்டுப் புதுத் துணி வாங்கித் தருகிறவள் என்பதை அந்த ஒரு கேள்வியிலேயே படம் சொல்லி முடித்துவிடுகிறது. படத்தின் இறுதியில், பெற்றவளிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்ட யூரியைப் பார்த்து அவள் துணி வாங்கித் தருகிறேன் வா என்று அழைக்க, குழந்தை மறுத்துத் தலையசைக்கிறாள். துணிக்கடைக் காட்சியைக் கவனிக்காமல் விட்டவருக்கு இந்தத் தலையசைப்பு வெறும் பிடிவாதம். கவனித்தவருக்கு நெஞ்சை அடைக்கும்.

நொபுயோவின் கையிலும் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கிறது. குளியல் தொட்டியில் இருவரும் தழும்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது யூரி நொபுயோவின் தழும்பைத் தடவிக் கொடுக்கிறாள். குளிக்கிறார்கள் என்று ஒரே சொல்லில் நீங்கள் குறிப்பிட்ட காட்சி இதுதான்.

திருட்டை நியாயப்படுத்துகிறது என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு ஷோட்டாதான் பதில். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பொருள் இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை, அதனால் எடுக்கலாம் என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. திருடுவதற்கு முன் விரல்களைச் சுழற்றி ஒரு சடங்கும் செய்வான். தெருமுனைக் கடையின் வயதான உரிமையாளர் அதையெல்லாம் நெடுநாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் அவர் இரண்டு தின்பண்டங்களை அவனிடம் கொடுத்து, உன் தங்கையை இதைச் செய்ய வைக்காதே என்று மட்டும் சொல்கிறார். அதட்டல் இல்லை, காவல்துறைக்குத் தகவல் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவன் பழைய ஷோட்டாவாக இருக்க முடியாமல் போகிறது. ஒசாமு ஒரு காரின் கண்ணாடியை உடைத்துப் பையை எடுக்கும்போது, இது வேறொருவருடைய பொருள் இல்லையா என்று அவன் கேட்கிறான். ஒசாமுவிடம் அதற்கு விடை இல்லை. பிறகு பேரங்காடியில் யூரி தானாகவே திருட முனைவதைக் கண்டதும், எல்லோருடைய கவனத்தையும் தன் பக்கம் திருப்புவதற்காக ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொண்டு ஓடி, துரத்துபவர்கள் நெருங்கியதும் மேம்பாலத்திலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொள்கிறான். வேண்டுமென்றேதான் பிடிபட்டேன் என்று முடிவில் அவனே ஒசாமுவிடம் சொல்கிறான்.

ஒரு குழந்தை தான் நேசிக்கும் குடும்பத்தை, அது தவறு என்று அறிந்ததால், தன் காலை முறித்துக்கொண்டு கலைக்கிற கதை இது. திருட்டை நியாயப்படுத்தும் படம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுமுறை பார்க்க உங்களுக்குப் பொறுமை இருக்குமானால், ஒசாமுவை விட்டுவிட்டு அந்தச் சிறுவனின் முகத்தை மட்டும் பின்தொடருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி, திருநெல்வேலி: என் அண்ணனுக்கும் எனக்கும் இந்தப் படத்தால் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. வெறும் அழுகைப் படம், தேவைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்கிறான் அவன். பெற்றால்தான் பிள்ளையா என்ற கேள்விக்கு இதைவிட அழகான விடை சினிமாவில் வந்ததில்லை, இரத்தத்தைவிட அன்புதான் குடும்பம் என்று நிரூபித்துவிட்டது என்கிறேன் நான். எங்களில் யார் சரி?

படத்தின் தரத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தை ஏற்க முடியவில்லை. உங்கள் அண்ணனின் சலிப்புக்கும் அந்தக் காரணமே மூலமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இரத்தத்தைவிட அன்பு பெரிது என்று சொல்வது மட்டும்தான் படத்தின் வேலை என்றால், அது மிகையாகப் புகழப்பட்டது என்று அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தச் செய்தியை எல்லா மொழியிலும் எத்தனையோ சாதாரணப் படங்கள் சொல்லியிருக்கின்றன.

கொரெ-எடா உங்கள் முடிவுக்கு எதிரான சான்றுகளை எவ்வளவு நேர்மையாக அடுக்குகிறார் என்று பாருங்கள். வீட்டைச் சேர்த்துப் பிடித்திருப்பதில் பாட்டியின் ஓய்வூதியத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பாட்டி இறந்ததும் வீட்டுக்கு அடியிலேயே அவரைப் புதைத்துவிட்டு ஓய்வூதியத்தைத் தொடர்ந்து எடுக்கிறார்கள். அவர் ஒளித்து வைத்திருந்த பணம் கிடைக்கும்போது பெரியவர்கள் இருவரும் சிரித்து மகிழ்கிறார்கள், ஷோட்டா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பாட்டியும் குறைந்தவர் அல்லர். தன்னை விட்டுப்போன கணவரின் இரண்டாம் குடும்பத்து மகன் வீட்டுக்கு அவ்வப்போது போய்ப் பணம் பெற்றுக்கொள்கிறார். அகி அந்த வீட்டின் மூத்த பெண். பாட்டி தன்னை அன்பால் வைத்துக்கொண்டாரா, பணத்துக்காகவா என்ற சந்தேகம் அகிக்கு இறுதிவரை தீர்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஷோட்டா காலொடிந்து மருத்துவமனையில் கிடக்கும் இரவில் மற்றவர்கள் அவனை விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அன்புதான் குடும்பம் என்று நிரூபிக்க நினைக்கும் எவரும் இந்தக் காட்சியை எழுத மாட்டார்.

அப்படியானால் அன்பு இல்லையா என்றால், இருக்கிறது. நிறைய இருக்கிறது. பணத்தோடும் பயத்தோடும் பொய்யோடும் கலந்து இருக்கிறது, பிரித்தெடுக்க முடியாதபடி இருக்கிறது. நம் வீடுகளிலும் அது சுத்தமாகத் தனியே இருப்பதில்லை என்பதால்தான் இந்தப் படம் நம்மைச் சுடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் இருவரும் மறுபடி வாக்குவாதம் செய்வதாக இருந்தால், அழைத்தல் என்ற ஒன்றை வைத்துப் பேசிப் பாருங்கள். படப்பிடிப்பின்போது கொரெ-எடா படத்துக்கு வைத்திருந்த பெயரின் பொருள் 'குரலெடுத்துக் கூப்பிடு' என்பதாகும். தன்னை அப்பா என்று கூப்பிடும்படி ஒசாமு கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஷோட்டாவின் நாவில் அச்சொல் வருவதில்லை. இதில் இன்னொரு உறுத்தல், ஷோட்டா என்பது ஒசாமுவின் சொந்தப் பெயர் என்று பின்னால் தெரிய வருவது. தான் பெறாத பிள்ளைக்கு அவன் கொடுக்க முடிந்தது தன் பெயர் ஒன்றுதான். நொபுயோவின் நிலை இன்னும் கடினம். குழந்தைகள் உன்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அவளைக் கேட்கிறார். நொபுயோவாக நடிக்கும் சகுரா ஆண்டோ அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. உள்ளங்கையால் கண்ணையும் நெற்றியையும் முடியையும் தள்ளித் தள்ளித் துடைக்கிறார், என்னவென்று கூப்பிட்டார்களோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார், கண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லாமல் எடுக்கப்பட்ட காட்சி அது. அந்த ஆண்டு கானில் நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்த நடிகை கேட் பிளான்செட் இந்த அழுகையைத் தனியாக எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்.

அம்மா என்று ஒருமுறைகூட அழைக்கப்படாத ஒருத்தியிடம் போய், அன்புதான் குடும்பம் என்று படம் நிரூபித்துவிட்டது என்று நம்மால் சொல்ல முடியுமா? நான் சொல்லத் துணிய மாட்டேன். அண்ணனிடம் இந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டுக் காட்டுங்கள்; வெறும் அழுகைப் படம் என்ற சொல்லை அவரே திரும்பப் பெறுவார் என்று நம்புகிறேன்.

ஓர் ஆசிரியர், கோயம்புத்தூர்: படத்தின் குறைகளைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை? காவல் விசாரணைப் பகுதியில் எல்லா இரகசியங்களும் அவசர அவசரமாகக் கொட்டப்படுவது எழுத்தின் பலவீனம் இல்லையா?

பலவீனம்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பார்வையாலும் செய்கையாலும் சொல்லி வந்த படம், அந்தப் பகுதியில் திடீரென்று வாயால் சொல்லத் தொடங்குகிறது. நொபுயோவின் முன்னாள் கணவரின் சாவில் அவளுக்கும் ஒசாமுவுக்கும் இருந்த பங்கு போன்ற கனமான செய்தி ஒன்று ஓரிரு வாக்கியங்களில் வந்து, சுவடில்லாமல் போய்விடுகிறது. அது இல்லாமலே படம் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். அகியின் கதையும் பாதியில் நிற்கிறது. தன் தங்கையின் பெயரை வைத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே ஆண்களுக்கு முன் தோன்றும் வேலை செய்கிறாள் அவள். தங்கையின் மீது அவளுக்கு இருக்கும் கோபத்தை நடிகை மாயு மட்சுவோகா ஒரு புன்னகையில்கூடக் காட்டிவிடுகிறார், ஆனால் திரைக்கதை அந்தக் கோபத்தின் வேரை நமக்குக் காட்டுவதில்லை. இவற்றைச் சொன்ன பிறகும், படத்தின் மிகச் சிறந்த நான்கைந்து நிமிடங்கள் அதே விசாரணைப் பகுதியில்தான் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழந்தைகள் நலப் பணியில் இருக்கும் ஒரு வாசகி, திருச்சி: அடிபட்ட குழந்தையைக் கண்டால் உரிய அமைப்புக்குத் தெரிவிப்பதுதான் முறை. படம் அந்த முறையையே கேலிக்கூத்தாக்கி, கடத்தியவர்களை நல்லவர்களாகவும் அதிகாரிகளைக் கல் நெஞ்சக்காரர்களாகவும் காட்டுவது ஆபத்தில்லையா? இதை யாரும் கேட்காததே படம் மிகையாகப் புகழப்பட்டதன் அடையாளம் என்பேன்.

வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையது. நீங்கள் நாள்தோறும் பார்க்கும் குழந்தைகளை நான் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்ற தயக்கத்தோடுதான் பதில் எழுதுகிறேன்.

அதிகாரிகளைப் படம் கொடியவர்களாகக் காட்டவில்லை என்பது என் நினைவு. அவர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள், பழரசம் கொடுக்கிறார்கள், ஷோட்டாவைப் பள்ளிக்கு அனுப்பும் நல்ல இடத்தில் சேர்க்கிறார்கள். காப்பகத்தில் சேர்ந்த பிறகு அவன் படிக்கிறான், தேர்வில் நன்றாக எழுதுகிறான். ஒசாமுவின் வீட்டில் இருந்திருந்தால் அவனுக்கு அது கிடைத்திருக்காது என்பதை இயக்குநர் மறைக்கவில்லை. நொபுயோவே அதை ஒப்புக்கொள்கிறாள். சிறையில் தன்னைப் பார்க்க வந்த சிறுவனிடம், அவனைக் கண்டெடுத்த சூதாட்டக் கூடத்தின் ஊரையும், அவன் கிடந்த காரின் நிறத்தையும், எண் பலகையின் விவரத்தையும் சொல்லி, விரும்பினால் உன்னைப் பெற்றவர்களைத் தேடிக்கொள்ளலாம் என்கிறாள். இந்தப் பிள்ளைக்கு நாம் போதாது என்று பக்கத்தில் இருக்கும் ஒசாமுவிடம் சொல்லிவிடுகிறாள். பிள்ளையைக் கடத்தியவள் ஒருத்தி அந்தப் பிள்ளைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நியாயம் இதுவாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் யூரியின் விஷயத்தில் அமைப்பு தவறுகிறது, படமும் அதைத் தவறு என்றே சொல்கிறது. இரண்டு மாதங்களாகப் பிள்ளையைக் காணவில்லை என்று புகார் கொடுக்காத பெற்றோரிடமே அவள் திரும்பிப் போகிறாள். குழந்தைக்குத் தாய் தேவை என்று அதிகாரி சொல்லும்போது, பெற்றுவிட்டால் எல்லோரும் தாயாகிவிடுகிறார்களா என்று நொபுயோ கேட்கிறாள். பெறாவிட்டால் தாயாக முடியாதே என்று அதிகாரி திருப்பிச் சொல்கிறார். அந்தப் பதிலில் வன்மம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பெற்றவள் ஒருத்தி இருக்கும்போது குழந்தையின் இடம் அவளிடம்தான் என்று யோசிக்காமலே நம்பிவிடும் ஒரு மனநிலையின் குரல் அது. அந்த மனநிலையோடு நீங்களும் எத்தனையோ முறை போராடியிருப்பீர்கள்.

இது கற்பனையான அச்சமும் இல்லை. இந்தப் படம் ஜப்பானில் 2018 ஜூனில் வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், டோக்கியோவின் மெகுரோ பகுதியில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டிலேயே துன்புறுத்தப்பட்டு இறந்தாள். குழந்தை நல அதிகாரிகள் ஏற்கெனவே அறிந்திருந்த குடும்பம் அது. இது போன்ற மரணங்கள் எழுப்பிய கொந்தளிப்பில், பெற்றோர் பிள்ளைகளை அடித்துத் திருத்துவதைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் 2019இல் நிறைவேறி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நேசிப்பதால்தான் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அது பொய், நேசித்தால் இப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லி நொபுயோ அந்தக் குழந்தையை இறுக அணைத்துக்கொள்ளும் காட்சியை, அந்த ஆண்டில் ஜப்பானியர்கள் திரையரங்கில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

உங்கள் கவலையில் ஒரு பகுதியை நான் அப்படியே ஏற்கிறேன். நல்ல மனம் இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாராவது இதைப் பார்த்து முடிவு செய்தால் அது பெரிய ஆபத்து. அன்போடு எடுத்து வந்த யூரிக்கும் சில வாரங்களிலேயே திருடக் கற்றுக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதை அப்படிப்பட்டவருக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

ஒரு வாசகர், புதுச்சேரி: அதே ஆண்டு கானில் போட்டியிட்ட லீ சாங்-டாங்கின் 'பர்னிங்' இருக்கும்போது தங்கப் பனையை இதற்குக் கொடுத்தது சரியா?

'பர்னிங்' எனக்கும் மிகவும் பிடித்த படம். அந்த விழாவிலேயே சர்வதேசத் திரைப்பட விமர்சகர்கள் கூட்டமைப்பு தன் பரிசை அதற்குத்தான் வழங்கியது. வடிவத்தின் துணிச்சலை அளவுகோலாக வைத்தால் கொரியப் படம் முன்னால் நிற்கும். நடிகர்களிடமிருந்து, அதிலும் குழந்தைகளிடமிருந்து, பெற்றதை அளவுகோலாக வைத்தால் ஜப்பானியப் படத்தை நெருங்க அந்த ஆண்டில் எதுவும் இல்லை. கொரெ-எடா குழந்தை நடிகர்களுக்குத் திரைக்கதையைக் கொடுப்பதில்லை, படப்பிடிப்பு நேரத்தில் வாய்மொழியாகச் சொல்லித்தான் நடிக்க வைப்பார். கைரி ஜோவும் மியு சசாகியும் நடிக்கிறார்கள் என்ற எண்ணமே நமக்கு வராததற்கு அது ஒரு காரணம்.

ஒரு கல்லூரி மாணவி, சேலம்: ஜப்பானிலேயே இந்தப் படத்துக்கு எதிர்ப்பு இருந்ததாமே, உண்மையா? வெளிநாட்டு விருதுக்காக நாட்டின் வறுமையை விற்றார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதா?

எதிர்ப்பு இருந்தது உண்மை. நாட்டைத் திருடர்களின் நாடாகக் காட்டிவிட்டார் என்று அங்கே தேசியவாதிகள் சிலர் கோபப்பட்டார்கள். விருதுக்குப் பிறகு அரசின் பாராட்டை ஏற்குமாறு வந்த அழைப்பைக் கொரெ-எடா மறுத்துவிட்டார். அரசதிகாரத்திடமிருந்து விலகி நிற்பதே சரி என்று காரணம் சொன்னார். படத்துக்குப் பொது நிதியிலிருந்து உதவி பெற்றுக்கொண்டு பாராட்டை மட்டும் மறுப்பதா என்று அதற்கும் ஒரு சண்டை மூண்டது.

வறுமையை விற்றார் என்பதை நான் ஏற்கவில்லை. ஜப்பானிய அரசின் கணக்குப்படியே 2015இல் அந்நாட்டுக் குழந்தைகளில் 13.9 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒருவர், ஒப்பீட்டு வறுமையில் இருந்தார்கள். இறந்துபோன பெற்றோரின் மரணத்தை மறைத்து ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெற்ற குடும்பங்களைப் பற்றிய செய்திகள் 2010இல் அங்கே பெரும் பரபரப்பாயின. கதையின் பொறி அங்கிருந்து கிடைத்ததாக இயக்குநரே சொல்லியிருக்கிறார். படத்தில் ஒசாமுவுக்கு வேலையிடத்தில் கால் முறிகிறது, தினக்கூலி என்பதால் இழப்பீடு கிடைப்பதில்லை. நொபுயோவின் ஆலையில் இரண்டு பெண்களை நிறுத்தி, உங்களில் யார் வேலையை விடுவது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்கிறார்கள். ஏழைகள் இருவரை ஒருவர்மீது ஒருவர் ஏவிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளும் அந்தக் காட்சி ஒரு நிமிடம்தான் வரும். அதைவிடக் கூர்மையாக வேலைவாய்ப்பின் இன்றைய நிலையைச் சொன்ன படங்கள் குறைவு. வெளிநாட்டினரின் இரக்கத்தைச் சம்பாதிப்பதற்காக எடுப்பவர் இதை இவ்வளவு சுருக்கமாக முடித்திருக்க மாட்டார்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்: கொரெ-எடாவின் ஆகச் சிறந்த படம் இதுதானா? இதை மட்டும் பார்த்தால் போதுமா?

என் தனிப்பட்ட கணக்கில் இது இரண்டாவது இடம். முதல் இடத்தில் 2008இல் வந்த 'ஸ்டில் வாக்கிங்' இருக்கிறது. இறந்துபோன மூத்த மகனின் நினைவு நாளில் ஒரு குடும்பம் கூடிச் சமைத்துச் சாப்பிட்டுப் பிரிகிறது, அவ்வளவுதான் கதை; பாட்டியாக 'ஷாப்லிஃப்டர்ஸ்' படத்தில் நடித்த கிரின் கிகிதான் அதில் தாயாக வருகிறார். 2018 செப்டம்பரில் அவர் காலமானார் என்று அறிந்த பிறகு, கடற்கரையில் விளையாடும் மற்றவர்களைத் தூரத்திலிருந்து பார்த்து ஒலியே இல்லாமல் நன்றி என்று உதட்டை அசைக்கும் அந்தப் பாட்டியை என்னால் கலங்காமல் பார்க்க முடிவதில்லை. 2004இல் வந்த 'நோபடி நோஸ்', தாய் விட்டுச்சென்ற நான்கு குழந்தைகளைப் பற்றியது. பாராட்டுகள் மிகை என்று நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்கினால், 'ஷாப்லிஃப்டர்ஸ்' எடுப்பதற்கு முன் இவர் எத்தனை ஆண்டுகள் இதே கேள்வியோடு வாழ்ந்திருக்கிறார் என்பது புரியும்.

ஒரு தம்பதியர், ஈரோடு: முடிவைப் பற்றி எங்களுக்குள் இரண்டு ஐயங்கள். பேருந்தில் ஷோட்டா கடைசியில் உதட்டை அசைத்தது எதற்காக? மாடத்தில் நிற்கும் யூரி எதைப் பார்க்கிறாள்?

முந்தைய இரவில் ஒசாமு ஷோட்டாவிடம், அப்பா இனி 'ஓஜிசான்' ஆகிவிடுகிறேன் என்கிறான். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டுமின்றி, தெருவில் எதிர்ப்படும் பெயர் தெரியாத நடுவயது ஆளுக்கும் பொது. ஒவ்வோர் உறவுக்கும் தனிச் சொல் வைத்திருக்கும் நமக்கு அந்த இழப்பின் ஆழம் மொழிபெயர்ப்பில் கிடைப்பதில்லை. உறவிலிருந்து வெறும் ஆளாக இறங்கிக்கொள்கிறேன் என்கிறான் அவன். மறுநாள் பேருந்து கிளம்புகிறது, ஒசாமு பின்னாலேயே ஓடி வருகிறான், சிறுவன் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து தூரம் போன பிறகுதான் திரும்புகிறான், உதடு அசைகிறது. நான் அதை அப்பா என்றே படிக்கிறேன். கேட்க வேண்டியவன் கேட்க முடியாத இடத்துக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் வருகிறது.

யூரி எதைப் பார்க்கிறாள் என்று படம் காட்டவில்லை. அதற்கு முந்தைய கணத்தைப் பாருங்கள். குளிரில் மாடத்தில் தனியாக உட்கார்ந்து, கோலிக் குண்டுகளை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் பாடி எண்ணுகிறாள். எண்ணுவதற்கான அந்தப் பாட்டு நொபுயோ கற்றுக் கொடுத்தது. பிள்ளைகளுக்குத் திருடக் கற்றுக் கொடுத்தது ஏன் என்று காவல் நிலையத்தில் கேட்டபோது, கற்றுக் கொடுக்க என்னிடம் வேறெதுவும் இல்லை என்று ஒசாமு சொன்னான். யூரி எண்ணி முடித்துவிட்டு எழுந்து, காலுக்கு ஒன்றைப் போட்டு ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டி வெளியே பார்க்கிறாள்.